இரண்டு கிண்ணங்களாக வந்த கூழுக்கு நன்றி

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் வாழும் பெரியோர்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும், தெருமுனைக் கடைக்காரர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

வீடு வீடாக வந்து கைகூப்பிச் சொல்ல வேண்டிய நன்றியை எழுத்தில் சொல்வதற்கு முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன். மாசி மாதத்தில் முறிந்த தொடை எலும்பு கூடிவிட்டதாக மருத்துவர் சொன்னாலும், வாக்கரைப் பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டுப் படிகளில் ஏறி இறங்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. நோயுற்றவன் வீட்டுக்குக் கஞ்சி கொடுத்தனுப்புவது நம் ஊரில் புதிதன்று. அதை நானும் செய்திருக்கிறேன். ஆனால் தூக்குச்சட்டியில் எனக்கும், அருகிலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் என் நாய்க்குமாக, கேட்காமலேயே இரண்டு பங்காக அனுப்பிய வழக்கம் நான் எங்கும் கண்டிராதது. இந்த மடல் முக்கியமாக அந்த இரண்டாவது கிண்ணத்துக்காக எழுதப்படுகிறது.

மணியை உங்களுக்குத் தெரியும் என்றாலும் அவன் எங்களிடம் வந்த கதை பலருக்குத் தெரியாது. (‘அது’ என்று எழுதுவதே இலக்கணம்; எனக்குக் கை வரவில்லை.) நம் ஊர் நாய் என்றால் பால் வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் பெருமை, 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகள் நான்கில் ஒன்று நம் ஊர்ப் பெயரைத் தாங்கியது என்று இன்றும் சொல்லி மகிழ்கிறோம். அந்த வெண்மைக்கு ஒரு விலையும் உண்டு. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உட்காதிலும் இருந்தால்தான் காது வேலை செய்யும். முழு வெள்ளையாகப் பிறக்கும் குட்டிகள் சிலவற்றுக்கு அவை அங்கே இல்லாமல் போவதால், பிறந்த சில வாரங்களிலேயே செவிப்புலன் அடங்கிவிடுகிறது. மணி அப்படிப்பட்ட ஒரு குட்டி. குக்கர் விசில் அடிக்க மற்றக் குட்டிகள் துள்ளி எழுந்தபோதும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்த இவனை, விலை போகாது என்று சொல்லி வளர்த்தவர் என் மனைவியின் கையில் சும்மா கொடுத்துவிட்டார். அவள் அதற்கு முந்தைய நாளே அவனுக்கு மணி என்று பெயர் வைத்துவிட்டிருந்தாள்; காது கேளாதவனுக்கு மணி என்று பெயரா என்று நான் சிரித்ததற்கு, கூப்பிடுகிறவர்களுக்குத்தானே பெயர் என்றாள். அவள் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு அந்த வீட்டில் சாப்பிட உட்காருகிறவர்கள் நானும் மணியும் மட்டுமே.

விழுந்த நாள் விடிந்தும் விடியாத வேளை. பின்கட்டில் துவைகல் அருகே பாசி வழுக்கியதில் இடப்பக்கமாகச் சாய்ந்தேன். நான் எழுப்பிய சத்தம் தெருவுக்கும் எட்டவில்லை, திண்ணையில் படுத்திருந்த மணிக்கும் எட்டவில்லை. சற்று நேரம் கழித்துத் தானாக எழுந்து என்னைத் தேடி வந்தவன் என்னைக் கண்டதும் குரைக்கத் தொடங்கினான். தன் குரைப்பு தனக்கே கேட்காததால் எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. அந்தக் குறைதான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. என்னவோ ஏதோ என்று சைக்கிளை நிறுத்திவிட்டுச் சுவரேறிக் குதித்த பால்காரத் தம்பிக்கு என் முதல் நன்றி. அன்னியரை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தும் நாய்ச் சாதி மணியுடையது என்று தெரிந்தும் குதித்தீர்கள் தம்பி. அவன் விலகி வழிவிட்டதைப் பிறகு நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். 108 ஊர்தியில் வந்து வலி தெரியாமல் என்னைத் தூக்கிக் கிடத்திய இருவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மதுரையில் அறுவை சிகிச்சையும் அதன் பிறகான ஓய்வுமாகப் பதினாறு நாள்கள் கழிந்தன. சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் கூடமொன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். எத்தனையோ ஆயிரம் கட்டு பேண்டேஜைப் பில் போட்டு அனுப்பியவனின் காலில் அதே துணி சுற்றப்பட்டபோது, வலியிலும் இழை எண்ணத் தோன்றியது. என் கவலையெல்லாம் மணியைப் பற்றித்தான். ஒரே கையில் சாப்பிட்டுப் பழகியவன், வேறு யார் வைத்தாலும் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டான்.

எதிர்வீட்டு அக்கா, அந்தப் பதினாறு நாள்களும் நீங்கள் செய்ததை நான் உங்கள் வாயிலிருந்து ஒருநாளும் கேட்கவில்லை, பிள்ளைகள்தாம் சொன்னார்கள். இரண்டு நாள் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுத் துவைகல்லை விட்டு நகராமல் கிடந்தவன் அருகில், மூன்றாம் நாள் உங்கள் பழைய சோற்றுச் சட்டியோடு போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவனைப் பார்க்காமல், கூப்பிடாமல், முதுகைக் காட்டிக்கொண்டு நீங்கள் பாட்டுக்குப் பிழிந்து சாப்பிட்டுவிட்டு, மோர் விட்டுப் பிசைந்த ஓர் உருண்டையை வாழையிலைத் துண்டில் வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறீர்கள். அன்றைக்கு அது அப்படியே காய்ந்தது. மறுநாளும் போயிருக்கிறீர்கள். நான்காம் நாள் பொழுது சாயும் வேளையில் அவன் அந்த உருண்டையைச் சாப்பிட்டான் என்று கேள்விப்பட்டபோது, மருத்துவமனைப் படுக்கையில் எனக்கும் அன்றுதான் முதன்முதலாகப் பசித்தது.

நான் வீடு திரும்பிய பிறகு வந்த கம்மங்கூழைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்று மாவாகவே பொட்டலத்தில் கிடைக்கும் கம்பை நீங்கள் வாங்குவதில்லை. தண்ணீர் தெளித்து ஊற வைத்து, உரலில் குத்தி, உமி போகப் புடைத்து, கரைத்து ஓரிரவு புளிக்க விட்டு, மறுநாள் அடிப்பிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு, அதற்கும் மறுநாள் காலையில்தான் மோர் விட்டுக் கரைக்கிறீர்கள். ஒரு சட்டிக் கூழுக்கு முழுதாக இரண்டு நாள் உழைப்பு. சுட்ட மோர்மிளகாயும் சீனியவரை வற்றலும் கடித்துக்கொண்டு அதைக் குடித்து முடிக்கையில், வெயில் நாளின் முற்பகல் என்பதே மறந்துபோகும். உருண்டை கிடந்த நீராகாரத்தைக்கூட நான் கொட்டவில்லை.

என் சட்டியில் அரிந்த சின்ன வெங்காயம் மிதக்கும். அவன் கிண்ணத்தில் ஒரு துணுக்குகூட இராது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும், சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது என்று கால்நடை மருத்துவர் ஒருமுறை என்னிடம் சொன்னதை அக்கா எப்போது கேட்டு நினைவில் வைத்தாரோ, அரிவாள்மனையை எடுக்கும் முன்பே அவன் பங்கை ஒதுக்கிவிடுவார். உப்பையும் அவனுக்குப் பேருக்குத்தான் சேர்ப்பார். என் மனைவிக்குப் பிறகு இந்தக் கணக்கை இன்னொரு கை வைத்துப் பார்த்தது இப்போதுதான்.

கூழும் சோறும் மட்டும் நாய்க்குப் போதாது, முட்டையோ கறியோ வேண்டும் என்ற அதே மருத்துவரின் அறிவுரையை நிறைவேற்றியவர் கறிக்கடை பாய். ஞாயிறுதோறும் எலும்பு நீக்கிய துண்டுகளைத் தனிப் பொட்டலமாகவும், சூப்புக்கான ஆட்டுக்காலை எனக்கு ஒரு பொட்டலமாகவும் கொடுத்தனுப்பினார். வெந்த எலும்பு சிலாம்பாகப் பிளந்து தொண்டையில் குத்தும் என்று எனக்கே எச்சரிக்கை சொல்லி அனுப்பியவர், பணம் கொடுத்தால் மட்டும் கல்லாவைப் பூட்டிக்கொண்டார். ஆட்டுக்கால் சூப்பினால் எலும்பு கூடியதா என்பதை நான் அறியேன். மிளகும் சீரகமும் தூக்கலாக இருந்த அந்தச் சூடு கூடியது உண்மை. மாலை வேளையில் சுக்கும் மல்லியும் இடித்துக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சிய காப்பியை ஃபிளாஸ்கில் நிரப்பி அனுப்பிய மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் நன்றி.

பக்கத்துவீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி முறைப் பிள்ளைக்குத் தனியாக எழுத வேண்டும். தரையை இரு முறை மிதித்தால் திரும்பிப் பார்ப்பான், இருட்டில் டார்ச்சை அணைத்து அணைத்துக் காட்டினால் ஓடி வருவான், உள்ளங்கையைத் தாழ்த்தினால் உட்காருவான் என்று அவன் மொழி முழுவதையும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாயம்மா. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை அவனுக்கும் கொஞ்சம் கொடுக்கலாமா என்று நீ நாள்தோறும் கேட்டதற்கும், கூடாது என்றதும் அவன் முன்னால் தின்னாமல் உள்ளே போய்த் தின்றதற்கும் சேர்த்து நன்றி.

உறவினர் ஒருவர், இந்த நிலையில் இது ஒரு பாரம், எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று என் கட்டிலருகிலேயே சொன்னார். நான் பதில் தேடிக்கொண்டிருக்கையில், கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா, “அப்படியானால் என் வீட்டில் விட்டுவிடுங்கள்” என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது என் அடுப்படியில் உங்கள் பாத்திரங்கள் பதினொன்று இருக்கின்றன. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது முறையில்லை என்று என் தாயார் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே உட்கார்ந்தபடியே கம்பு குத்தப் பழகியிருக்கிறேன். முதல் முறை அடிப்பிடித்துவிட்டது, இரண்டாம் முறை காய்ச்சியதை மணி மறுக்கவில்லை. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லோரும் வந்து ஆளுக்கொரு சொம்பு கூழ் குடித்துவிட்டு, அவரவர் பாத்திரத்தை நிறைத்து எடுத்துச்செல்ல வேண்டுகிறேன். கதவைத் தட்டினால் என்னால் உடனே எழுந்து வர இயலாது, அவனுக்கும் கேட்காது. திண்ணைப் பலகையை இரு முறை மிதியுங்கள். அவன் வந்து என்னை எழுப்புவான்.

இப்படிக்கு,
என்றும் நன்றியுடன்,
மணி வீட்டுக்காரர்