முரளிக்கு, அம்மாவின் ரத்தச்சோகை பற்றி

பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள முரளி,

உன் பெண்ணுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். அம்மா ரிப்போர்ட்டுக்கு வருகிறேன்.

எம்.டி.எஸ். (மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம்) என்பது எலும்பு மஜ்ஜைக் கோளாறு. மஜ்ஜையில் சிவப்பணு உருவாகாமல் இல்லை. உருவாகிறதில் நிறைய, முதிர்வதற்குள் அங்கேயே செத்துப்போகிறது. சரக்குக்குப் பஞ்சமில்லை, பட்டறைதான் பழுது. காலடிப்பேட்டையில் அக்கா தினம் வறுத்துக் கொடுக்கிற சுவரொட்டிக்கெல்லாம் (ஆட்டு மண்ணீரல்) ஹீமோகுளோபின் ஏறாது. ஆசைக்குச் சாப்பிடட்டும். ஆனால் உடம்பில் சேர்ந்திருக்கிற இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஏற்கெனவே 640. இரும்பு மாத்திரை எதற்கு என்று டாக்டரைக் கேளுங்கள். பி12, ஃபோலேட் பார்த்திருக்கிறார்கள், காப்பர் பார்க்கவில்லை. கொரோனாவிலிருந்து அம்மா ஜிங்க் மாத்திரையை விடவே இல்லையாமே? ஜிங்க் அதிகமானால் காப்பர் இறங்கும், மஜ்ஜையும் இதே மாதிரிதான் தெரியும். அதை முதலில் பார்த்துவிடச் சொல்.

ரத்தம் ஏற்றுவதற்கு முன்னாலேயே சீரம் எரித்ரோபொய்டினுக்கு (சிவப்பணு உருவாகத் தூண்டும் ஹார்மோன்) சாம்பிள் கொடுத்துவிடணும். ஏற்றினால் அந்த அளவு இறங்கிவிடும், கணக்கு தப்பும். 200-க்குக் கீழே இருந்தால் எரித்ரோபொய்டின் ஊசி பலன் தர நல்ல வாய்ப்பு. 500-ஐத் தாண்டினால் பெரும்பாலும் காசுதான் தண்டம். வழக்கமாக வாரம் 40,000 யூனிட், தோலுக்கடியில். மெடிக்கலில் கிட்னிக்காரர்களுக்கான 4,000 யூனிட் சிரிஞ்சும் இருக்கும், அக்காவை சைபர் எண்ணி வாங்கச் சொல். ஐஸ் பேக்கோடு வந்து ஃபிரிட்ஜில் 2–8 டிகிரியில் இருக்கணும். உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான், குலுக்கவும் கூடாது. இந்த ஊசியால் பிபி ஏறலாம். எட்டு வாரம்கூட ஆகாமல் 'பிரயோஜனமில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள். ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டவும் விடக்கூடாது, ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும் ஆபத்து இருக்கிறது.

குரோமோசோம் ரிப்போர்ட்டில் 5க்யூ நீக்கம் (ஐந்தாவது குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாதது) என்று வந்தால் வழியே வேறு, லெனலிடோமைடு மாத்திரை. வரட்டும், பேசுவோம்.

ரத்தம் ஒரு பை ஏற்றினால் ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் ஏறும், கூடவே 200–250 மி.கி. இரும்பு உள்ளே போகும். உடம்பு வெளியேற்றுவதோ நாளுக்கு 1–2 மி.கி. இருபது பை வாக்கில், ஃபெரிட்டின் 1,000 தாண்டினால், இரும்பை இறக்க டெஃபெராசிராக்ஸ் மருந்தைப் பற்றிக் கேட்கணும். அதற்கு, கிட்னி நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்த்துக்கொண்டே இருக்கணும். அம்மா வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு பை போதும், மூன்று மூன்றரை மணி நேரம். 'சீக்கிரம் முடிச்சு விடுங்க சிஸ்டர்' என்று அக்கா அவசரப்படுத்தினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நாலு மணிக்கு மேல் பையைத் தொங்கவிடவும் கூடாது. முதல் 15 நிமிஷம் யாராவது பக்கத்திலேயே இருக்கட்டும். குளிர் நடுக்கம், முதுகுவலி, மூச்சிரைப்பு எது வந்தாலும் உடனே நிறுத்தச் சொல்லணும்.

ஒரு நோட்டில் தேதி, பை நம்பர், அதற்கு முந்தின ஹீமோகுளோபின் எழுதி வைக்கட்டும். ஆஸ்பத்திரி மாறினால், முன்பு எத்தனை பை ஏறியது, கிராஸ் மேட்ச்சில் (ரத்தம் பொருந்துகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) ஆன்டிபாடி வந்ததா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் போன் பண்ணு. சாயங்காலம் ஆறுக்கு மேல்.

அன்புடன்,
தயாளன்