கும்யோங்கைத் திட்டாதே, மாலதி

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள மாலதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மட்டக்களப்பில் மழை விட்டதும், உன் வளவு முருங்கை மறுபடி துளிர்த்ததும் அறிந்து சந்தோஷப்பட்டேன். இங்கே எல்லோரும் சுகம். அண்ணாவுக்குக் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பத்திரிகையை இப்போது தானே வாசிக்கிறார். எனக்கும் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாலையில் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன்.

இனி உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். பேத்தியோடு உட்கார்ந்து ‘சுஜாத தியணி’ என்ற அந்தக் கொரியத் தொடரை மறுபடி பார்க்கிறேன் என்று நான் எழுதியதற்கு நீ என்ன பதில் எழுதியிருக்கிறாய்? “அந்தக் கும்யோங் தெருவில் நின்று அழுதாலும் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராது.” கதாநாயகி ஜாங்குமோடு அரச குசினியில் போட்டி போட்டவள் என்று அவள்மேல் உனக்கிருந்த கோபம் இத்தனை வருடத்துக்குப் பிறகும் தணியவில்லையா, மாலதி? அந்த வரியை வாசித்ததிலிருந்து என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் அடுத்த கிழமை எழுத இருந்த கடிதத்தை இன்றே எழுதுகிறேன்.

பேத்தி இப்போது வருகிற கொரியத் தொடர்களையெல்லாம் கைப்பேசியில் பார்க்கிறவள். நாங்கள் அந்த நாளில் பார்த்ததைக் காட்டச் சொன்னாள். பாடசாலை விடுமுறை முழுவதும் அதற்கே போனது. 54 பாகங்களும் பார்த்து முடித்துவிட்டோம். 2003இலும் 2004இலும் கொரியாவில் ஒளிபரப்பானது. அங்கே நூறு பேர் தொலைக்காட்சி பார்த்தால் பாதிப் பேருக்கு மேல் இதைத்தான் பார்த்தார்களாம். அதன்பிறகு ஹொங்கொங், ஈரான் என்று சுற்றிவிட்டு, 2012இல் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி வழியாகச் சிங்களக் குரலில் நம் வீடுகளுக்கு வந்தது. தமிழில் வரவில்லையே என்று அப்போது நீ குறைப்பட்டாய். ஆனால் எங்கள் தொடர்மாடியில் சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த கிழவிகளும் ஒரு பாகத்தைக்கூடத் தவறவிடவில்லை. எதிர்வீட்டுச் சிங்கள அக்கா அரண்மனைச் சொற்களுக்குப் பொருள் சொல்லுவார்; நான் அதை மற்றவர்களுக்குத் தமிழில் சொல்லுவேன். கொரியாவில் வேலை செய்யும் மகன்மாரை நினைத்து, அந்த நாட்டு மலையையும் பனியையும் பார்ப்பதற்கென்றே வந்து உட்கார்ந்த தாய்மாரும் இருந்தார்கள்.

அரச குசினியில் ஜாங்குமுக்குச் சமையல் சொல்லிக்கொடுத்த ஹான் அம்மையாரைப் பற்றி நாம் இருவரும் ஒரே மனம். சின்னப் பிள்ளையான ஜாங்குமிடம் “குடிக்கத் தண்ணீர் கொண்டு வா” என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்கும் இடம் உனக்கு நினைவிருக்கும். எத்தனை விதமாகக் கொண்டு வந்தாலும் அவர் திருப்தி அடைவதில்லை. கடைசியில் அந்தப் பிள்ளை, வயிறு நோகிறதா, தொண்டை கரகரக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் எடுக்கப் போகிறாள். சமையல் என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு கறி, காய்ச்சல்காரனுக்கு மல்லித் தண்ணீர், விரதகாரிக்கு வேறு சட்டி என்று ஆள் பார்த்துச் சமைத்த நம் அம்மாமாருக்கு அந்தப் பாடம் புதிதில்லை. அதனால்தான் ஹான் அம்மையாரை யாரும் நமக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அவரைச் சாகவிடாதீர்கள் என்று கொரிய நேயர்களே தயாரித்தவர்களிடம் கெஞ்சியிருக்கிறார்கள்.

அவருடைய சாவைப் பற்றி நான் உனக்கு ஒருபோதும் எழுதாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கந்தகம் கலந்த வாத்தைச் சமைத்து அரசனுக்குக் கொடுத்தார்கள் என்று பழி சுமத்தி, அவரையும் ஜாங்குமையும் கட்டிவைத்து அடிக்கிறார்கள் அல்லவா? செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று சொல்லவைக்கத்தான் அவ்வளவு அடியும். ஜாங்குமைக் காப்பாற்ற அவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். அவரைக் காப்பாற்ற இவள் தானே செய்ததாகச் சொல்கிறாள். அந்தக் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது கீழ்மாடியில் இருந்து வரும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். மகனைத் தேடித் தேடி அலைந்தவர் அவர். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்கிற நாட்டில், போர் முடிந்து மூன்று வருடமே ஆன அந்த நேரத்தில், தமிழ் வீடுகளில் அது ஐந்நூறு வருடத்துக்கு முந்திய கதையாகத் தெரியவில்லை. எதிர்வீட்டு அக்காவும் அழுதார், நாங்களும் அழுதோம். அந்த அம்மா ஏன் எழுந்து போனார் என்று அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டார். சொன்னேன். அதன்பிறகு அவர் அந்த அம்மாவின் கையைப் பிடிக்காமல் ஒரு நாளும் தொடர் பார்க்க உட்காரவில்லை.

அந்தப் பழியை ஜோகுவாங்ஜோ என்ற அதிகாரியின் சதி என்று கட்டினார்கள் அல்லவா? அந்தக் கதை வெறும் கற்பனையில்லை, தெரியுமா? அந்த அதிகாரி உண்மையில் வாழ்ந்தவர்; 1519இல் அவரையும் அவருடைய ஆட்களையும் களையெடுத்தார்கள். ஜாங்குமும் உண்மையில் இருந்தவள்தான். அந்நாளில் கொரியாவை ஆண்ட ஜோசொன் அரச வம்சத்தின் வரலாற்றுக் குறிப்புகளில் மருத்துவப் பெண்ணாக அவளுடைய பெயர் சில இடங்களில் வருகிறது. 1515இல் பிள்ளைப்பேற்றுக்குப் பின் அரசி இறந்தபோது ஜாங்குமைத் தண்டிக்க வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்தினார்கள். 1544இல், சாகும் தறுவாயில், தன் நோயின் நிலைமை ஜாங்குமுக்குத்தான் தெரியும் என்று அரசன் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. குசினிக் கதையும் அங்கே நடக்கிற சமையல் போட்டியும் ஹான் அம்மையாரும் அவருக்கு எதிரியான சொய் அம்மையாரும் கதாசிரியரின் படைப்புகள்.

கும்யோங்கும் அப்படியே. ஆனால் எனக்கு அவள்தான் அத்தனை பேரிலும் மிக உண்மையானவள்.

நீ யோசித்துப் பார். சொய் குடும்பத்தில் பெண்ணாகப் பிறந்தால் அவளுடைய வழி பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக அரச குசினியின் தலைமைப் பதவி அந்தக் குடும்பத்துப் பெண்களிடம்தான் இருந்தது. அந்தப் பதவியால்தான் வெளியே ஆண்களின் வியாபாரமும் செல்வாக்கும் நடந்தன. அதற்காக ஒரு பெண் குழந்தையை அரண்மனைக்குள் அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே போனவள் கலியாணம் செய்ய முடியாது, பிள்ளை பெற முடியாது. யாரிடமும் அவள் விருப்பம் என்னவென்று கேட்கிற பழக்கமே அந்த வீட்டில் இல்லை. அவளிடம் இருந்ததெல்லாம் நாக்கும் கையும்தான், அவை ஜாங்குமின் நாக்குக்கும் கைக்கும் குறைந்தவையா? சூழ்ச்சி இல்லாமல் தன் திறமையாலேயே வெல்ல வேண்டும் என்ற ரோசம் அவளுக்கு இருந்தது. அந்த ரோசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்தது எதிரிகளா? சொந்தத் தாய் போல வளர்த்த அத்தை சொய் அம்மையார்தான்.

அரசியின் வயிற்றிலிருக்கும் பிள்ளை பெண்ணாக வேண்டும் என்று எழுதிய மந்திரச் சீட்டை ஒளித்துவைக்கும்படி அத்தை சொல்கிற இடத்தை மறுபடி பார். அவளுடைய முகத்தைப் பார். அவள் மறுக்கவே விரும்புகிறாள். “நம் குடும்பம்” என்ற சொல் வந்தவுடன் வாயடைத்துப் போகிறாள். குடும்ப மானம், குடும்பப் பெயர், அப்பா தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிச் சொல்லியே நம் வகுப்பில் எத்தனை பெண்களின் படிப்பை நிறுத்தினார்கள், எத்தனை பேரை விருப்பமில்லாத இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள்? அவர்கள் கெட்டவர்களா, மாலதி? அவர்களில் சிலர் பின்னாளில் தங்கள் மகள்மாருக்கும் அதையே செய்தார்கள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கும்யோங் செய்ததை நான் சரியென்று சொல்லவில்லை. ஹான் அம்மையாரின் சாவில் அவளுக்கும் பங்கு உண்டு. எனக்குத் தாங்க முடியாதது, அவள் செய்கிறதின் அநியாயம் அவளுக்குத் தெரிந்தே இருக்கிறது என்பதுதான். சொய் அம்மையார் ஒரு காலத்தில் தெரிந்துகொண்டு பின் மறந்துவிட்டவர். இவளுக்கு மறக்கவும் தெரியவில்லை.

அந்த நாளில் நம் தொடர்மாடியில் சொய் அம்மையாரைத் திட்டும்போதுகூட ஒரு பயம் கலந்திருக்கும். “என்ன மூளை பார்” என்பார்கள். கும்யோங்கைத்தான் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அரண்மனை அதிகாரியான மின் ஜோங்ஹோ ஜாங்குமை விரும்புகிறான் என்று தெரிந்த பிறகும் அவள் அவனையே நினைத்துக்கொண்டிருந்தது அவர்களுக்கு இன்னும் எரிச்சல். வெட்கமில்லாதவள் என்றார்கள். அவள் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லையே! வாழ்நாள் முழுவதும் அவளுக்கென்று இருந்த ஒரே விருப்பம் அது. அதைத்தான் நாம் கேலி செய்தோம்.

ஜாங்கும் வெறும் நல்ல பிள்ளை, அவளிடம் வேறொன்றும் இல்லை என்றும் எழுதியிருந்தாய். அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவள் அடங்காதவள். ஜேஜு தீவுக்கு அடிமையாக அனுப்பினால் தப்பி ஓடப் பார்க்கிறாள், பிடிபட்டால் மறுபடி ஓடுகிறாள். மருத்துவம் படிக்கத் தொடங்கியதே அரண்மனைக்குத் திரும்பிப் பழி தீர்க்க. கெட்டித்தனத்தால் மட்டும் மருத்துவராக முடியாது என்று ஆசிரியர் அவளைத் தோற்கவைத்துத் திருப்பி அனுப்பும்போது அவள் துடிக்கிற துடிப்பு ஒரு நல்ல பிள்ளையின் துடிப்பா? ஆனால் அவளுக்கு ஒரு பாக்கியம் இருந்தது. தாய் இல்லாத அவளுக்கு ஹான் அம்மையார் கிடைத்தார், ஜேஜுவில் மருத்துவம் சொல்லித்தந்த ஜாங்டொக் கிடைத்தாள், பிறகு அந்தக் கண்டிப்பான ஆசிரியர் கிடைத்தார். வீடு நிறைய உறவினர் இருந்த கும்யோங்குக்கு அப்படி ஒருவரும் கிடைக்கவில்லை. ஹான் அம்மையாரின் கையில் கும்யோங் வளர்ந்திருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்று நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு பேரும் ஒரே அடுப்பில் நின்று சமைத்திருப்பார்கள்.

மின் ஜோங்ஹோவைப் பற்றிப் பேச எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. நம் வயதுக்காரிகள் எல்லோருக்கும் அவனைப் பிடித்தது; பேத்திக்கும் பிடித்திருக்கிறது. ஜாங்குமைத் தன் மருத்துவராக்கும்படி அரசனிடம் சொல்லி, அதற்காகத் தான் நாடுகடத்தப்படவும் சம்மதித்தவன், அது போதும். அரசனைத்தான் அண்ணாவுக்குப் பிடிக்காது. அமைச்சர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவன் என்பார். அதில் நியாயம் இருக்கிறது.

பேத்தி என்ன செய்தாள் என்று சொல்லாமல் விட்டுவிடக்கூடாது. பதவி பறிபோய் கும்யோங் அரண்மனையை விட்டு வெளியேறுகிற இடத்தில் அவள் தேம்பித் தேம்பி அழுதாள். ஹான் அம்மையாருக்கு அழுததைவிட அதிகம். அவளுக்குப் பதினாறு வயது. உயர்தரத்தில் எந்தப் பிரிவை எடுப்பது என்று வீட்டில் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்குச் சித்திரம் படிக்க ஆசை, மருமகனுக்கு அவள் டாக்டராக வேண்டும். “அம்மம்மா, கும்யோங்கிடம் ஒருத்தரும் கேட்கவில்லையே” என்று சொன்னாள். அன்றிரவே மகளோடும் மருமகனோடும் உட்கார்ந்து கதைத்தேன். மருமகன் இன்னும் இணங்கவில்லை. மகள் யோசிக்கிறாள். நான் விடப்போவதில்லை. உன் மகன் விரும்பிய படிப்புக்கு நீ எப்படி வீட்டாரைச் சம்மதிக்கவைத்தாய் என்று விவரமாக எழுது. எனக்கு அது இப்போது தேவைப்படுகிறது.

ஆடிவேல் திருவிழாவுக்குக் கொழும்புக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். வந்தால் எங்கள் வீட்டிலேயே தங்கு, வேறெங்கும் போகாதே. கும்யோங் வெளியேறுகிற அந்தப் பாகத்தையாவது என்னோடும் பேத்தியோடும் உட்கார்ந்து பார். அதன்பிறகும் உன் கோபம் தீராவிட்டால், அதை என்னிடம் சொல்லாதே, அவளிடம் சொல். அவள் உனக்குப் பதில் சொல்லுவாள்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு. மருந்தை நேரத்துக்குப் போடு.

உன் அன்புச் சிநேகிதி,
வசந்தி