தென்காசி வக்கீலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வக்கீலுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே கொழிஞ்சாம்பாறையில் காற்றுக்கு மட்டும் குறைவில்லை. ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்தும் வராமலும் இருக்கிறது. அப்பா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து தமிழ்நாடு, கேரளம் என்று இரண்டு மாநிலங்களையும் சேர்த்துத் திட்டுகிறார்.

“அமெரிக்க வக்கீல் ஆபீசுக்குக் கூகுள் விளம்பர வேலை பார்க்கிறாயே, நல்ல கட்சிக்காரர்கள் வரும்படி எனக்கும் ஒன்று போட்டுக் கொடு” என்று கேட்டிருக்கிறாய். உன் வக்கீல் சன்னதுக்கு உலை வைக்க எனக்கு மனமில்லை. வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்கிற பார் கவுன்சில் விதி 36 உனக்குத் தெரியாததா? 2008-க்குப் பிறகு வெப்சைட்டில் பெயர், முகவரி, போன், பதிவு எண், படிப்பு, என்ன வகை வழக்கு பார்க்கிறாய் என்பதைப் போடலாம், அவ்வளவுதான். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஆன்லைன் விளம்பரங்களைப் பற்றிக் கடுமையாகவே சொன்னது. எங்கள் பாலக்காட்டுக்காரர், உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் 1975-லேயே வக்கீல் தொழில் வியாபாரமல்ல என்று தீர்ப்பெழுதினார். இரண்டு வருடம் கழித்து அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரிசோனா வக்கீல்கள் இருவர் வழக்கில், விளம்பரம் செய்யலாம் என்றது. என் உலை அந்தத் தீர்ப்பில்தான் கொதிக்கிறது.

நான் பார்ப்பது டெக்சாஸ் விபத்து வழக்குகள். ஒரு கிளிக்குக்கு நூறு டாலருக்கு மேல் போவதும் உண்டு. ஆரம்பத்தில் போன் ஓயாமல் அடித்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் மக்கள் என்ன தட்டித் தேடினார்கள் என்ற பட்டியலைத் திறந்தால், இலவச வக்கீல், வக்கீல் சம்பளம், சட்டக் கல்லூரி! அத்தனைக்கும் முதலாளி காசு போயிருக்கிறது. அன்றிலிருந்து என் பாதி வேலை வேண்டாத சொற்களை ஒதுக்குவதுதான். விளம்பரத்தைத் தட்டினால் திறக்கும் வெப்சைட் பக்கத்திலும் மூன்று கேள்வி வைத்தோம்: விபத்து எப்போது நடந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா, ஏற்கெனவே வக்கீல் வைத்திருக்கிறீர்களா? டெக்சாஸில் விபத்து நடந்து இரண்டு வருடம் தாண்டினால் பெரும்பாலும் வழக்குப் போட முடியாது. போன்கள் குறைந்ததும் முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. கையெழுத்தான வழக்குகளை எண்ணிக் காட்டிய பிறகுதான் சிரித்தார்.

இன்னொன்று. கூகுளும் பொள்ளாச்சிச் சந்தைத் தரகர் மாதிரிதான். தலைக்கு இவ்வளவு என்று பேசினால், மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுகிறவர்களாகக் கூட்டி வருவார். படிவம் நிரப்பியவரையெல்லாம் கணக்கில் வைத்தால் அந்த இயந்திரம் படிவம் நிரப்புகிறவர்களையே தேடிக் கொண்டுவரும். எந்த அழைப்பு வழக்காக முடிந்தது என்று திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தால் அந்த மாதிரி ஆட்களைத் தேடும். அந்த ஆபீசில் இதை ஒழுங்காக எழுதி அனுப்ப ஒரு ஆள் கிடைப்பதற்குள் எனக்கு நரைத்துவிட்டது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரத்தை விடு. உன் வெப்சைட்டில் சிவில், கிரிமினல், குடும்பம் என்று எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருக்கிறாய். நீ உண்மையில் விரும்பிப் பார்ப்பது பாகப்பிரிவினையும் பட்டா தகராறும். அதை மட்டும் போடு. குமாஸ்தாவிடம் சொல்லி, போனிலேயே மூன்று கேள்வி கேட்கச் சொல்: சொத்து எங்கே இருக்கிறது, கையில் என்ன பத்திரம், வேறு வக்கீல் உண்டா? ஒரு நோட்டில் யார் சொல்லி வந்தார் என்றும் குறிக்கட்டும். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டை நான் பார்க்க வேண்டும்.

குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் எழுது. பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறேன். நோட்டை அப்போது எடுத்து வை.

உன் பழைய பெஞ்சுத் தோழன்,
கொழிஞ்சாம்பாறை