ஆயில் சூடாகட்டும், பிறகு மிதிக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் வாசகர் ஒருவர், "எப்போதாவது ஒருமுறை ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் இன்ஜின் கெடுமா?" என்று கேட்டிருந்தார். "தவிர்ப்பதே நல்லது. 2,000 சுற்றைத் தாண்டாமல் டாப் கியரில் ஓட்டினால் இன்ஜின் நெடுநாள் உழைக்கும். மிதித்தே ஆக வேண்டுமென்றால் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்தபின் மிதிக்கலாம்" என்று பதில் தந்திருந்தீர்கள். இதில் முதல் வரி வீண் பயம். மற்ற இரண்டும் அப்படியே கடைப்பிடித்தால் இன்ஜினுக்கு வினையாக முடியும்.

பயம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. 80 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) உள்ள இன்ஜின் 8,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 8,000 சுற்றில் ஓடும்போது பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு 21 மீட்டர் வேகத்தில் ஏறி இறங்குகிறது. மேல் முனையில் நின்று திரும்பும் கணத்தில், கோத்திருக்கும் பிஸ்டன் பின்னும் சுற்றியுள்ள ரிங்கும் சேர்த்து 400 கிராம் எடையுள்ள அந்தப் பிஸ்டன், தன்னைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடை ஏறக்குறைய ஒன்றரை டன் விசையோடு இழுக்கும். 4,000 ஆர்பிஎம்மில் இந்த இழுப்பு கால் பங்குதான். சுற்று இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. ஆனால் ராடும் அதன் போல்ட்டும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் செய்யப்படுகின்றன. மீட்டரில் சிவப்புக் கோடு (ரெட்லைன்) போடுவதும் அந்த வரம்புக்குக் கொஞ்சம் முன்னாலேயேதான். விற்பனைக்கு வருமுன் புதிதாக வடிவமைத்த இன்ஜினின் மாதிரியை, சுமை கொடுத்து அளக்கும் டைனமோமீட்டரில் பூட்டி, முழுச் சுமையில் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறார்கள். லாரி ஒன்றை முந்துவதற்காக மூன்றாவது கியரில் ஆறேழு விநாடி மிதிப்பது இதற்குமுன் எம்மாத்திரம்?

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. அந்த ஒன்றரை டன் இழுப்பைத் தீர்மானிப்பது சுற்று; மிதியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதல்ல. முழுசாக மிதித்திருக்கும்போது எரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளி, இழுப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடும். புகை வெளியேறும் ஸ்ட்ரோக்கின் உச்சியில் அந்த உதவி கிடையாது. ஆகவே 8,000 ஆர்பிஎம்மில் காலைச் சட்டென்று எடுத்துவிட்டால் ராடுக்கு ஓய்வு கிடைத்தது என்று எண்ண வேண்டியதில்லை.

கோளாறெல்லாம் ஆயிலில்தான் தொடங்குகிறது. 5டபிள்யூ-40 என்ற கெட்டித்தன்மைத் தரமுள்ள ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 100 டிகிரி செல்சியஸில் ஓடும் அதே ஆயில் 20 டிகிரியில் பத்து மடங்குக்கு மேல் கெட்டியாக இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் மீட்டர் உச்சத்தில் நிற்கும். அதைப் பார்த்து ஆயில் தாராளமாகப் போகிறது என்று நம்பிவிடக் கூடாது. கெட்டி ஆயிலைப் பம்ப் தள்ளத் தள்ள பிரஷர் ஏறி, மிகுதியை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறந்து, ஒரு பகுதி மேலே போகாமலே திரும்பிவிடுகிறது. ஃபில்டரின் பைபாஸ் வால்வும் திறந்துகொண்டால் வடிகட்டாத ஆயில் பேரிங்குக்குப் போகும். இந்த நிலையில் சுற்றை ஏற்றினால் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டும் பிஸ்டன் ஓரமும் ஆயில் போதாமல் தேயும். போதாக்குறைக்கு, சூடு ஏறினால் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சிலிண்டர்கள் அமைந்த பிளாக் குளிர்ந்திருக்கையில் திடீரென்று முழுச் சுமை ஏற்றினால் பிஸ்டன் முந்திக்கொண்டு விரிய, சிலிண்டர் சுவர் பின்தங்க, நடுவிலுள்ள இடைவெளி குறுகிப் பிஸ்டன் ஓரத்தில் நெடுக்காகக் கீறல் விழும். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் போட்ட சில இன்ஜின்கள் முதல் சில நிமிடம் டக் டக்கென்று தட்டுவதும் இடைவெளி காரணமாகத்தான். ஆறியிருக்கும்போது அவற்றில் வேண்டுமென்றே இடைவெளி அதிகமாக விடப்பட்டிருக்கும்.

இனி அந்த டெம்பரேச்சர் முள். அது காட்டுவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டை. கூலன்ட் ஐந்தாறு நிமிடத்தில் 90 டிகிரியை எட்டிவிடும். ஆயில் அங்கு வர அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆகும். அது மட்டுமல்ல, பல கார்களில் அந்த முள் உண்மையை அப்படியே காட்டுவதும் இல்லை. ஏறக்குறைய 75-லிருந்து 105 டிகிரி வரை எதுவானாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள், ஓட்டுபவர் கலவரப்படக் கூடாது என்று. ஆயில் டெம்பரேச்சர் தனியாகக் காட்டும் காரானால் 80 டிகிரி வரை பாதி மிதி, 90-ஐத் தொட்டபின் முழு மிதி. அது இல்லாத காரில் கூலன்ட் முள் நடுவுக்கு வந்தபிறகும் இன்னொரு பத்துப் பதினைந்து நிமிடம் 3,000 ஆர்பிஎம்முக்குள் ஓட்ட வேண்டும். பிஎம்டபிள்யூவின் சில எம் மாடல்களில் ஆர்பிஎம் மீட்டரின் விளிம்பிலேயே மஞ்சள் விளக்குகள் உண்டு. ஆயில் சூடாக ஆக அவை ஒவ்வொன்றாக அணைந்து, எவ்வளவு சுற்று வரை போகலாம் என்று காட்டும். எல்லாக் காரிலும் இதை வைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. நிறுத்திய இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்குவதும் வேண்டாம். ஆயில் மெதுவாகத்தான் சூடாகும். அதற்குள் ஆறிய இன்ஜினுக்குக் கூடுதலாகப் பாயும் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும். அரை நிமிடத்தில் கிளம்பி நிதானமாக ஓட்டுவது மேல்.

2,000 சுற்றுக்குள் டாப் கியரில் ஓட்டுங்கள் என்ற ஆலோசனையைத்தான் நான் முக்கியமாக மறுக்கிறேன். சமதளத்தில் லேசாக மிதித்துப் போகும்வரை அதில் தவறில்லை. ஆனால் ஆறாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் இன்ஜின் திணறும்போது கியரைக் குறைக்காமல் மிதித்தால், புகையின் வேகத்தால் சுழன்று காற்றைத் திணிக்கும் டர்போவும், பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பாய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷனும் உள்ள இன்ஜின்களில் ஆபத்து காத்திருக்கிறது. ரிங்குக்கு மேலுள்ள சந்தில் ஒதுங்கியிருக்கும் ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி, பிளக் பொறி விடுவதற்கு முன்பே பற்றிக்கொள்ளும். பிஸ்டன் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கையில் மேலிருந்து சம்மட்டி அடி விழுவதுபோல் அழுத்தம் எகிறும். ரிங் காடிகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய அலுமினிய விளிம்பு உடைவது இப்படித்தான். இதைத் தடுக்கவே 2018-இல் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்என் பிளஸ், 2020-இல் ஏபிஐ எஸ்பி என்று ஆயில் தரங்கள் வந்தன. டர்போ காருக்கு ஆயில் வாங்கும்போது டப்பாவின் பின்புறம் எஸ்பி அல்லது அதற்குப் பிந்தைய தரம் என்றிருக்கிறதா என்று பாருங்கள். முந்த வேண்டுமென்றால் இரண்டு கியர் குறைத்து, 3,000-க்கு மேல் கொண்டுவந்து, பிறகு மிதியுங்கள்.

பொத்திப் பொத்தி ஓட்டுவதிலும் இழப்பு உண்டு. ரிங் சிலிண்டர் சுவரோடு ஒட்டி நிற்பது அதன் சொந்த விறைப்பினால் மட்டுமல்ல. எரியும் வாயு ரிங்கின் பின்னால் புகுந்து வெளியே தள்ளுவதால்தான். சுமையே ஏற்றாமல் ஓட்டிய இன்ஜினில் ரிங் சரியாகப் படியாமல், சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகி, ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் ஆயில் சூடாவதே இல்லை; சேரும் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கி அதை நீர்க்கச் செய்யும். மாதம் ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டி, இரண்டு மூன்று தடவை ரெட்லைன் வரை ஏற்றினால் பிளக்கிலும் எரியறையிலும் படிந்த கரி ஓரளவு எரிந்துபோகும். இன்டேக் வால்வில் பிடித்த கரி மட்டும் போகாது. நேரடி இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் அந்த வால்வைத் தொடுவதே இல்லை. கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர் உள்ள, மஸ்டா ஆர்எக்ஸ்-8 போன்ற ரோட்டரி கார்களின் கதையே வேறு. அவற்றை ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து நாலடி நகர்த்தி அணைத்தால், மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் பெட்ரோலில் மூழ்கி நிற்கும்.

முழு மிதிக்கு முன் பார்க்க வேண்டியது ஆயில் அளவு. வேகமாகக் கிளம்பும்போது இன்ஜினின் அடித்தொட்டியான சம்பிலுள்ள ஆயில் பின்பக்கம் ஒதுங்கும், நீண்ட வளைவில் பக்கவாட்டில். அளவு குறைந்திருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். ஒருசில விநாடி அப்படி நடந்தாலே பேரிங் போய்விடும். டிப் ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரு லிட்டர்தான். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, இன்ஜின் சூடாக இருக்கையில் சமதளத்தில் நிறுத்தி அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்திருக்கும் டிரை சம்ப் கார்கள் பலவற்றில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும், கையேட்டைப் பாருங்கள். பெட்ரோலும் கையேட்டில் சொன்ன ஆக்டேனுக்குக் குறையக் கூடாது.

இன்ஜினை ஒரே நொடியில் கொல்லும் தவறு வேறொன்று உண்டு. மேனுவல் கியர் காரில் மூன்றிலிருந்து நான்குக்குப் போட நினைத்து இரண்டில் போட்டுவிடுவது. சுற்று வரம்பு மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும். சக்கரம் இன்ஜினை இழுத்துச் சுற்றினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வால்வு ஸ்பிரிங் ஈடுகொடுக்காமல், திறந்த வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் வந்து மோதும். நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்ப உதவும் லாஞ்ச் கன்ட்ரோலில் அடிக்கடி கிளம்பினால் இன்ஜினுக்கு முன் கிளட்சும் கியர்பாக்ஸும் ஆக்சிலும் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

ஓட்டி முடித்தபின் டர்போ காரானால் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாக வாருங்கள். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றிய டர்போவைக் கொதிக்கக் கொதிக்க நிறுத்தினால் அதற்குள் தங்கிய ஆயில் கருகிப் படியும்.

கேள்வி கேட்ட வாசகருக்கு இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், அடுத்த ஆயில் மாற்றத்தின்போது பழைய ஃபில்டரைத் தூக்கிப்போடாமல் வாங்கி, வெட்டி, உள்ளிருக்கும் மடிப்புத் தாளை விரித்து வெயிலில் பார்க்கட்டும். மினுக்கும் துகள் காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாத வெள்ளி நிறம் பெரும்பாலும் அலுமினியம், பிஸ்டனிலிருந்தோ பேரிங்கிலிருந்தோ வந்தது. செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து உள்ளடுக்கு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட அந்தக் காரை மிதிக்கக் கூடாது. தாள் வெறும் கறுப்பாக மட்டும் இருந்தால் ஃபில்டரைக் குப்பையில் போட்டுவிட்டு, ஆயில் சூடானதும் மிதிக்கலாம்.

இப்படிக்கு,
இன்ஜின் வேலை தெரிந்த ஒரு வாசகர்