அக்காவுக்குக் கிளிப் போட்டார்கள்

அன்புள்ள சேகர்,

உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். உடனே பதில் போட முடியவில்லை, ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன்.

அக்காவுக்குத்தான். அன்று காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்தவள், "தலைக்குள்ள யாரோ ஓங்கி அடிச்ச மாதிரி இருக்குடா" என்று சொல்லி அப்படியே சுவரில் சாய்ந்தாள். ரெண்டு தடவை வாந்தி. ஸ்கேனில் மூளையைச் சுற்றி ரத்தம். ரத்தக்குழாயில் மொச்சைக்கொட்டை அளவுக்குப் புடைத்திருந்த இடம் வெடித்திருந்தது. அனியூரிசம் என்கிறார்கள்.

தலையைத் திறந்து, புடைப்புக்குள் ரத்தம் போகாதபடி அதன் கழுத்தில் சின்ன உலோகக் கிளிப் மாட்டலாம்; இல்லையென்றால் தொடை வழியாகக் குழாய் விட்டு, உள்ளே பிளாட்டினம் சுருளை நிரப்பலாம். அதற்குக் காயிலிங் என்று பெயர். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். இந்த ரெண்டு முறையையும் ஒப்பிட்டு 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஐசாட் என்ற ஆய்வை மருமகன் போனில் காட்டினான். 2,143 நோயாளிகள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் அடுத்தவர் துணையில்லாமல் இருக்க முடியாதவர்களும் காயில் வைத்தவர்களில் நூற்றுக்கு 24 பேர், கிளிப் போட்டவர்களில் 31 பேர். இதைச் சொல்லிச் சண்டை போடவே போனேன்.

சர்ஜன் கோபப்படவில்லை. படத்தைத் திருப்பிக் காட்டினார். நடு மூளைத் தமனி கிளை பிரியும் இடம். புடைப்பின் கழுத்து அகலம். ஒரு கிளை அந்தக் கழுத்திலிருந்தே கிளம்புகிறது. சுருள் வைத்தால் நழுவிக் கிளையை அடைக்கலாம். பக்கத்தில் உறைந்த ரத்தம் வேறு அழுத்துகிறது, அதையும் எடுக்க வேண்டும். "எதைச் செய்தாலும் சரி என்று ரெண்டு தரப்பு டாக்டர்களுக்கும் தோன்றியவர்களைத்தான் அந்த ஆய்வில் சேர்த்தார்கள். உங்க அக்கா அந்த வகை இல்லை" என்றார். காயிலிங் செய்கிற டாக்டரும் கூடவே இருந்தார். "மூளையின் பின்பக்கத் தமனி நுனியில் இருந்திருந்தால் நானே கேட்டு வாங்கியிருப்பேன். இதைத் திறக்கத்தான் வேண்டும்" என்று அவரும் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அந்த இருவரும் ஒரே படத்தைக் குனிந்து பார்த்ததை நான் மறக்க மாட்டேன்.

மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் நாளில்தான் அதிகமாம். அன்றைக்கே ஆபரேஷன். அப்புறம் மூளைக்கு ரத்தம் குறைந்து சேதம் வராமல் இருக்க 21 நாள், நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை நிமோடிபின் மாத்திரை. ராத்திரியிலும் எழுப்பித்தான் கொடுக்க வேண்டும்.

சேகர், நீ சிகரெட்டை விடு. இந்தப் புடைப்பு வெடிப்பதற்கு அதுவும் ஒரு பெரிய காரணமாம்.

இடது கைப்பிடி இன்னும் தளர்வாகத்தான் இருக்கிறது. நேற்று முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தாள். காம்பை வலது கையில் பிடித்துக்கொண்டு இடது விரலால்தான் உருவினாள். ஒரு கட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நான் கை வைக்கப் போனேன், விடவில்லை.

உன்,
முருகன்