வீட்டுக்குள் கம்பியில்லா இணைப்புகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, இவ்வாண்டின் செய்முறைக் கூட்டங்கள் அனைத்தையும் மைக்ரோகண்ட்ரோலர்களை (ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினிகளை) குறைந்த வேகத்தில் கம்பியில்லாமல் இணைப்பதற்கே ஒதுக்கினோம். வைஃபை இருக்கும்போது இது எதற்கு என்று சில உறுப்பினர்கள் தொடக்கத்தில் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. தொட்டியின் நீர்மட்டமோ அறையின் வெப்பநிலையோ இரண்டு மூன்று பைட்டுகளில் அடங்கிவிடும். அதை நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பிவிட்டு மற்ற நேரமெல்லாம் உறங்கும் கருவிக்குச் சிறிய பாட்டரியே நெடுநாள் போதும். வேகத்தைக் குறைத்தால் எட்டும் தொலைவும் கூடுகிறது. என்.ஆர்.எஃப்.24எல்.01பிளஸ் என்ற ரேடியோ சில்லின் உணர்திறன், அதாவது அது பிடிக்கக்கூடிய மிக மெல்லிய சிக்னலின் அளவு, விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் மைனஸ் 82 டி.பி.எம். (சிக்னல் வலிமையின் அலகு); 250 கிலோபிட்டில் மைனஸ் 94. இந்த 12 டெசிபெல் வித்தியாசம் தடையற்ற வெளியில் நான்கு மடங்கு தொலைவுக்குச் சமம்.

முதல் கூட்டங்களில் 433.92 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் எளிய ட்ரான்ஸ்மிட்டர், ரிசீவர் இணையை எடுத்துக்கொண்டோம். மைக்ரோகண்ட்ரோலரின் சீரியல் போர்ட்டை (பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கும் வாயிலை) நேராக ரிசீவரின் டேட்டா முனையில் இணைத்தவர்கள் எல்லோருக்கும் திரையில் குப்பை எழுத்துகளே வந்தன. மாட்யூல் (ரேடியோ பொருத்திய சிறு பலகை) பழுது என்று பலர் முடிவுகட்டினார்கள். உண்மையில் பழுது எதுவும் இல்லை. அலை வராதபோது இந்த ரிசீவர் தன் பெருக்கத்தைத் தானே உயர்த்திக்கொண்டு, இரைச்சலையே பூஜ்யங்களாகவும் ஒன்றுகளாகவும் வெளியிடும். பைட்டின் தொடக்கத்தைக் காட்டும் ஒற்றை ஸ்டார்ட் பிட்டை நம்பும் சீரியல் போர்ட்டுக்கு இரைச்சல் எது, செய்தி எது என்று தெரியாது. பூஜ்யங்கள் தொடர்ந்து வந்தாலோ பூஜ்யமா ஒன்றா என்று ரிசீவர் முடிவெடுக்கும் மட்டமே நகர்ந்துவிடும். ரேடியோ மாட்யூல்களுக்கான ரேடியோஹெட் என்ற நிரல்தொகுப்பு இதற்குக் காணும் தீர்வை வரிவரியாகப் படித்தோம். அது முதலில் 36 பிட் நீளத்துக்கு ஒன்றும் பூஜ்யமும் மாறிமாறி அனுப்பி ரிசீவரை நிலைப்படுத்துகிறது. பிறகு 12 பிட் தொடக்கக் குறியை அனுப்புகிறது. ஒவ்வொரு நான்கு பிட்டையும் ஒன்றும் பூஜ்யமும் சமமாக உள்ள ஆறு பிட்டாக மாற்றுகிறது. செய்தியின் முன்னால் நீளம், முகவரி முதலியவற்றுக்கு ஐந்து பைட்டையும், இறுதியில் சி.ஆர்.சி. எனப்படும் 16 பிட் பிழை சரிபார்ப்பு எண்ணையும் சேர்க்கிறது. மூன்று பைட் அளவீடு இத்தனை உறைகளுடன் 168 பிட்டாகிறது. விநாடிக்கு 2000 பிட் வேகத்தில் அதற்கு 84 மில்லி விநாடி ஆகும். உறை பெரிதாக இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் உறை இல்லாத செய்தி நம் மேசையில் ஒருநாளும் முழுதாகப் போய்ச் சேரவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஆண்டெனாவுக்கு 17.3 சென்டிமீட்டர் நேர்க்கம்பியே போதும். அது இந்த அலைநீளத்தின் கால்பங்கு. என்.ஆர்.எஃப். மாட்யூலின் மின்முனைகளுக்கு நெருக்கமாக 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்ததும், "தொலைவு போதவில்லை" என்று சொல்லப்பட்ட குறைகளில் பெரும்பாலானவை மறைந்தன. அதன் சிக்னல் முனைகள் 5 வோல்ட்டைத் தாங்கும்; மின்வழங்கல் முனைக்கு 3.6 வோல்ட்டே உச்ச வரம்பு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதால் சங்கத்தின் மாட்யூல்கள் சில வீணாயின. முதல் கூட்டத்திலேயே இதைத் தெளிவாகச் சொல்லாதது என் தவறு.

இவ்வாண்டு நாம் அதிகம் கற்றது ஓர் உறுப்பினரின் வீட்டிலிருந்துதான். அங்கே மின்தடை நீங்கிய பின் இரண்டு கருவிகளின் செய்திகள் ஏறத்தாழ அரை மணி நேரம் வராமல், பிறகு தாமாகவே வரத் தொடங்கின. எல்லோரும் ரிசீவரையே சந்தேகித்தோம். காரணம் வேறு: மின்சாரம் திரும்பிய அதே கணத்தில் இரண்டு கருவிகளும் விழித்து, நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே நொடியில் பேசி மோதிக்கொண்டிருந்தன. கருவிகளுக்குக் கடிகாரமாக உள்ள கிரிஸ்டல்களின் வேகத்தில் 10 லட்சத்துக்கு 50 பங்கு வேறுபாடு இருந்தால் நிமிடத்துக்கு 3 மில்லி விநாடி விலகல் ஏற்படும்; 84 மில்லி விநாடி விலக 28 நிமிடம் பிடிக்கும். இடைவெளியை ராண்டம் எண்ணால் மாற்றிப் பார்த்தோம், அப்போதும் மோதின. கணக்கைத் தொடங்கிவைக்கும் விதை எண் தராவிட்டால், ராண்டம் எண்ணைத் தரும் நிரல் எல்லாக் கருவிகளிலும் ஒரே வரிசையைத்தான் தரும் என்பது பிறகே புரிந்தது. கருவியின் அடையாள எண்ணையே விதையாக்கியதும் சிக்கல் தீர்ந்தது. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் இயக்கிய அலோஹா வலைப்பின்னலும் இவ்வாறே, மோதினால் ராண்டமான நேரம் பொறுத்து மறுபடி அனுப்பும் முறையில் இயங்கியது. அம்முறையில் அலைவரிசையின் 18.4 விழுக்காட்டுக்கு மேல் பயன்படுத்த முடியாது. நமக்கோ பத்துக் கருவிகள் நிமிடத்துக்கு ஒருமுறை பேசினாலும், ஒரு செய்தி மோதும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு.

வரும் ஆண்டுக்கு செயற்குழு இரண்டு பணிகளை முன்மொழிகிறது. ஒன்று, குறைந்த வேகத்தில் நெடுந்தொலைவு எட்டும் லோரா என்ற ரேடியோ முறையின் சோதனை. பரவல் காரணி (ஒவ்வொரு குறியையும் எவ்வளவு நீட்டி அனுப்புகிறோம் என்பதன் அளவு) 12, அலைவரிசை அகலம் 125 கிலோஹெர்ட்ஸ் என்ற அமைப்பில் விநாடிக்குச் சுமார் 293 பிட்டே கிடைக்கும் என்பதால், ஒவ்வொரு செய்தியும் காற்றில் நெடுநேரம் நிற்கும். அதனால் அவரவர் நாட்டின் அலைவரிசை விதிகளைப் படித்த பிறகே அனுப்பத் தொடங்க வேண்டும். மற்றது செய்திகளின் பாதுகாப்பு; என் கருத்தில் இதைவிட அவசரமானது. சி.ஆர்.சி. பிழையைக் கண்டுபிடிக்குமே தவிர, அனுப்பியவர் யார் என்று சொல்லாது. ஒருமுறை பதிவு செய்த செய்தியை எவரும் மறுபடி ஒலிபரப்பலாம். ஆகவே கதவைத் திறப்பது, மோட்டாரை இயக்குவது போன்ற பணிகளுக்கு செய்திக்குச் செய்தி கூடும் ஏறுவரிசை எண்ணும் ரகசியச் சாவியால் கணக்கிட்ட முத்திரையும் இல்லாத இணைப்பை உறுப்பினர்கள் பயன்படுத்த வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். இரவல் பெற்ற மாட்யூல்களை அடுத்த கூட்டத்துக்குள் திருப்பித் தருமாறும், பழுதானவற்றையும் தூக்கி எறியாமல் என்ன நடந்தது என்ற குறிப்புடன் கொண்டுவருமாறும் வேண்டி, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்