கப்பலைப் பார்க்குமுன் விசாவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கப்பல் சுற்றுலாவுக்குத் திட்டமிடுவது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். எந்த அறை மலிவு, ஜன்னல் வைத்த அறைக்கு எவ்வளவு கூடும், என்ன உடுப்பு கொண்டுபோவது என்று எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அது முழுக்க வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு எழுதியது. இலங்கைக் கடவுச்சீட்டோடு ஏறப்போகிற தாய் தகப்பனுக்கு அதில் ஒரு வரி கூட இல்லை. எங்கள் பக்கத்தில் கப்பலேறுவது பெரும்பாலும் அவர்கள்தான். பிள்ளை சுவிஸிலோ லண்டனிலோ இருந்து கூப்பிடுவான், வந்த கையோடு ஒரு கப்பலிலும் ஏற்றிக் காட்ட ஆசைப்படுவான்.

என் அக்காவுக்கும் அத்தானுக்கும் அப்படித்தான் நடந்தது. அவர்களின் மகன், என் மருமகன், சுவிஸ் பிரஜை. கிரேக்கத் தீவுகளைச் சுற்றும் கப்பலில் மூவருக்கும் இடம் போட்டான். பிரேயஸ் துறைமுகத்தில் ஏறி, மிக்கோனோஸ் பார்த்து, துருக்கியின் குஷாதாசிக்குப் போய், திரும்பவும் கிரேக்கத்துப் பத்மோஸ், ரோட்ஸ், சாந்தோரினி என்று வரும் பாதை. டிக்கெட் எடுத்துக் கொடுத்தது எங்கள் ஆட்களே நடத்தும் ஒரு பயண முகவர் நிலையம். பயணப் பெட்டிகளோடு துறைமுகத்தில் நின்றபோது, கப்பல் கம்பனிப் பெண் அக்காவின் கடவுச்சீட்டைப் புரட்டி, விசா ஸ்டிக்கரில் ஒரு கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினாளாம். நுழைவுகளின் எண்ணிக்கை என்ற அந்தக் கட்டத்தில் 01 என்று இருந்தது. மருமகனை ஏறலாம் என்றார்கள், அக்காவையும் அத்தானையும் ஏற்றவில்லை. மூன்று பேரும் ஏதென்ஸில் ஹோட்டல் தேடினார்கள். கட்டிய காசு போனதுதான். முகவரிடம் கேட்டால், "நாங்கள் டிக்கெட் மட்டும்தான் விற்றோம், விசா உங்கள் பொறுப்பு" என்று பதில்.

நான் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். படிவத்தில் உள்ள சின்னக் கட்டங்கள்தான் ஆளை விழுத்தும் என்று தெரியும். விஷயம் இதுதான்: ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுத்தான் ஷெங்கன். ஷெங்கன் விசாவில் 01 என்று இருந்தால், அந்த நாடுகளின் எல்லையை விட்டு ஒருமுறை வெளியே வந்ததும் கணக்கு முடிந்துவிடும். விசாவில் இன்னும் நாள் மிச்சம் இருந்தாலும் திரும்ப உள்ளே போக முடியாது. 02 என்றால் இரண்டு தடவை, மல்ட் (MULT) என்றால் பல தடவை. கிரேக்கம் ஷெங்கன், துருக்கி இல்லை; கப்பல் குஷாதாசிக்குப் போனால் வெளியே போன மாதிரி, பத்மோஸுக்கு வந்தால் இரண்டாம் தடவை உள்ளே வருகிற மாதிரி. ஆகவே விண்ணப்பிக்கும்போதே பயணத் துறைமுகங்களின் பட்டியலையும் வைத்து, பல நுழைவு வேண்டும் என்று கேட்க வேண்டும். புறப்படும் நாளுக்கு ஆறு மாதத்துக்கு முன்னிருந்தே விண்ணப்பம் கொடுக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் கேட்பார்கள்.

கிரேக்கத்துக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை இது. லண்டனுக்கு வந்த பெற்றோரை சவுதாம்ப்டனில் கப்பலேற்றி நோர்வே காட்ட நினைத்தால், பிரித்தானிய விசாவுக்கு மேலே ஷெங்கனும் வேண்டும். கனடாவில் வன்கூவரிலிருந்து அலாஸ்கா போகிற கப்பல் நிற்பதெல்லாம் அமெரிக்கத் துறைமுகம்.

வயதானவர்களுக்கு என்னைக் கேட்டால் கடலை விட ஆறு நல்லது. டானூப் நதியில் ஜெர்மனியின் பஸாவ் ஊரில் ஏறி வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் போய்த் திரும்பும் கப்பல் நான்கு நாடுகளைக் காட்டும், நான்கும் ஷெங்கன் நாடுகள், ஒற்றை நுழைவே போதும். அதே கப்பல் கீழே பெல்கிரேட் வரை இறங்கினால் செர்பியா வந்துவிடும், பழைய கதைதான். ஆற்றில் தலைசுற்றல், வாந்தி இருக்காது. பெரும்பாலும் ஊருக்குப் பக்கத்திலேயே கட்டுவார்கள். ஒன்று மட்டும் கேட்டு வையுங்கள்: இறங்குதுறையில் கப்பல்களை ஒன்றோடொன்று அணைத்துக் கட்டுவதால், கரைக்குப் போக மற்றக் கப்பல்களுக்குள்ளால் நடக்க வேண்டிவரும். முழங்கால் வருத்தக்காரருக்கு அது லேசில்லை. மின்தூக்கி எல்லாத் தட்டுக்கும் போகிறதா என்பதையும் கேளுங்கள்.

அப்புறம் ஆற்றின் நீர்மட்டம். வெள்ளம் கடலுக்கு வடிய வாவியின் ஆற்றுவாயை வெட்டுவதா விடுவதா என்று ஒவ்வொரு மாரியிலும் பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கும் பாதையில் (மிதவைப் படகில்) போனவர்களுக்கும் தெரியும். 2018இலும் 2022இலும் ரைன் நதி கோடையில் வற்றிக் கப்பல்கள் திண்டாடின. 2024 செப்டெம்பரில் டானூப் பெருகியபோதும் அதே பாடுதான். ஆறு வற்றினாலும் பெருகினாலும் பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். அந்த நேரம் காசு திரும்புமா என்று ஒப்பந்தத்தில் வாசித்த பிறகு கட்டுங்கள்.

இவ்வளவு தூரமும் செலவும் வேண்டாம் என்றால் ஆலப்புழையில் படகு வீடு இருக்கிறது. வேம்பநாட்டுக் காயலைப் பார்த்தால் எங்கள் வாவிக்காரருக்கு அந்நியமாகத் தெரியாது, சோறும் மீன்கறியும் படகிலேயே சமைத்துத் தருவார்கள். அத்தானுக்கு அதுவே பாதிச் சுற்றுலா.

ஒரு வேண்டுகோள். உங்கள் பத்திரிகையில் பயண முகவர்களின் கப்பல் விளம்பரங்கள் கால் பக்கம், அரைப் பக்கம் என்று வருகின்றன. விலையைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள், துறைமுகங்களைப் போடுவதில்லை. விளம்பரம் எடுக்கும்போதே, கப்பல் நிற்கும் துறைமுகங்களையும், இலங்கைக் கடவுச்சீட்டுக்கு என்னென்ன விசா, எத்தனை நுழைவு தேவை என்பதையும் அச்சிட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாமே. இரண்டு வரி இடம்தான் போகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உப தபாலதிபர்,
குருமண்வெளி, மட்டக்களப்பு.